அங்கேயே நில்லு

காணாமல் போகிற பிள்ளைகளைக் கண்டால் சின்ன வயதில் எனக்கு வயிறு எரியும். எல்லாப் பிள்ளைகளையும் சொல்லவில்லை. எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் காணாமல் போகிறவர்களை மட்டும்தான் சொல்கிறேன். கோலசிலாங்கூர் பக்கம் பாமாயில் எடுக்கிற செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கோயில் அது. வருஷம் முழுக்க அங்கே ஈ காக்கை இருக்காது. திருவிழா அன்று மட்டும், ஒரு காலத்தில் அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து வெளியேறிய குடும்பங்கள் எல்லாம் கார் எடுத்துக்கொண்டு வந்து இறங்கிவிடும். அந்தக் கூட்டத்தில் நாலைந்து பிள்ளைகளாவது அம்மா கையை விட்டுவிடுவார்கள்.

கையில் பலூனும் மூக்கில் சளியுமாக அவர்களை யாராவது மைக் கொட்டகைக்குக் கூட்டி வருவார்கள். மைக் பிடிப்பது என் அப்பா. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைப்பார். "பக்தகோடிப் பெருமக்களே, நீலச் சட்டை அணிந்த ஒரு சின்ன ராஜா நம்மிடம் வந்திருக்கிறார். கன்னத்தில் குழி விழுகிறது. அழவில்லை, சமத்தாக இருக்கிறார். ராஜாவின் பெற்றோர் எங்கிருந்தாலும் மைக் கொட்டகைக்கு வரவும்." ராஜா அலறிக்கொண்டுதான் இருப்பான். அந்த அலறல் மைக்கிலும் கேட்கும். ஆனாலும் அப்பா சமத்து என்றுதான் சொல்வார். மேசைக்கு அடியில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான் கன்னத்தில் குழி விழும். அதை ஊருக்கு யார் சொன்னார்கள்? மைக் பிடிக்கிறவர் மகள் மைக் கொட்டகையிலேயே கிடந்தால் எப்படிக் காணாமல் போவது?

சில சமயம் பிள்ளை வராது, பெற்றவர்கள்தான் அழுதுகொண்டு வருவார்கள். அப்போது அப்பா பேசும் விதமே வேறு. பக்தகோடிகளை விட்டுவிட்டு நேராக அந்தப் பிள்ளையிடமே பேசுவார். "மஞ்சள் சட்டைத் தம்பி, ஒன்ன நான் பாத்துட்டேன். அங்கயே நில்லு. ஆள் வருது." அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பலூன் கடைக்குப் பின்னாலோ தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்திலோ, நட்டு வைத்தது போல நிற்கிற மஞ்சள் சட்டையை யாராவது தூக்கி வருவார்கள். மைக் கொட்டகைக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்திருக்கும். முன்னால் கோயில் வாசலைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. பார்த்துவிட்டேன் என்று அப்பா சொன்னால் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் ரவாங்கில் ஒரு தாமானில், வரிசை வீட்டுப் பகுதியில், குடியிருந்தோம். அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். மற்ற நாட்களில் அவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. வீட்டில் அவர் குரல் தணிந்து, கொஞ்சம் கரகரப்பாக, பாதி வாயில் சிரிப்பை வைத்துக்கொண்டு வரும். அந்தக் குரலில் என்னைக் 'குட்டி' என்பார். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டி மைக்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். எஸ்டேட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்கண்ணன்தான்.

வியாதி முதலில் விரலில் வந்தது. பேருந்துச் சாவியைத் திருகக் கை வரவில்லை. பிறகு செருப்பு காலில் நிற்கவில்லை. அதற்கும் பிறகு நாக்கு. அந்த வருஷத் திருவிழாவில் "பக்தகோடி" என்ற வார்த்தை அவர் வாயில் குழைந்து கொழகொழவென்று வெளியே வந்தது. சாமி காரியத்தில் குடித்துவிட்டு வந்து மைக் பிடிக்கிறானே என்று கோயில் தலைவர் எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அப்பா குடிக்காதவர். அதை எடுத்துச் சொல்லவும் அவருக்கு நாக்கு வேண்டுமே. அம்மாதான் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டி வந்தார். நான் பின்னாலேயே முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அதற்கு ஏ.எல்.எஸ். என்று பெயர் சொன்னார்கள். உடம்பை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப் போகும், மனசும் புத்தியும் அப்படியே இருக்கும் என்றார்கள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கலும்பாங்கிலிருந்து வந்து, இதற்கு என்ன பத்தியம் என்று கேட்டார். பத்தியமும் இல்லை, மருந்தும் இல்லை என்று அம்மா சொன்னார். மருந்து இல்லாத வியாதிகூட உண்டா என்று அத்தை கோபித்துக்கொண்டு, கத்தரிக்காயையாவது நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதால் அதில் எனக்குச் சம்மதம்தான்.

சீக்கிரமே அப்பாவுக்கு வாயால் சாப்பிட முடியாமல் போய், வயிற்றில் குழாய் வைத்தார்கள். பேச்சு முழுதாக நின்றது. கண்ணும், ஒரு பக்க உதடும் மட்டும் அசைந்தன. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அன்றைய கதைகளை எல்லாம் ஒப்பிப்பேன். அவர் கண்ணால் கேட்பார். கதை முடிந்ததும் வழக்கமாக அவர் ஏதாவது கேலி சொல்லுகிற இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். ஒன்றும் வராது. பிறகு நானே அடுத்த கதைக்குப் போய்விடுவேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரும்பில் மின்சாரம் ஓடுகிற எதைக் கண்டாலும் அவருக்கு நம்பிக்கை வந்துவிடும். வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று, பேச முடியாத நோயாளிகளின் மூளையில் சின்னக் கருவி வைத்துக் கணினியோடு இணைக்கிறதாம் என்று ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டு வந்தது அவர்தான். வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. மண்டையைத் திறப்பதா என்று அத்தை அழுதார். உள்ளே வைக்கிற சாமானுக்கு மாதா மாதம் பில் வருமா, இடி இடித்தால் என்ன ஆகும், அந்தத் தலையில் திருநீறு பூசலாமா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் அம்மா, யார் யாரோ பேசுகிறோமே, அவரைக் கேட்டோமா என்றார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். சரி என்றால் ஒரு தடவை கண்ணை மூடுவது என்று அப்போது எங்களுக்குள் ஏற்பாடு. அப்பா கண்ணை மூடினார், மூடியபடியே ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

கருவி வைத்துத் தலைமுடி வளர்ந்ததும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினால் மட்டும் தோலுக்கு அடியில் பழைய காசு ஒன்று ஒளிந்திருப்பது போல இருக்கும். அப்பா கையை அசைக்க நினைக்க வேண்டும். கை அசையாது. ஆனால் எதிரே திரையில் இருக்கும் அம்புக்குறி அசையும். அதைக் கொண்டுபோய் ஒரு எழுத்தின் மேல் நிறுத்தினால் அந்த எழுத்து விழும். முதலில் அம்பு பூச்சி போலத் தத்தித் தத்தி அலைந்தது. பழகப் பழகச் சொன்ன பேச்சுக் கேட்டது. 'அப்பா' என்ற வார்த்தையை அவர் எழுதி முடிப்பதற்குள் நான் ஒரு பிஸ்கட் தின்று முடித்துவிடுவேன். அதனால் அடிக்கடி தேவைப்படுகிற வாக்கியங்களை மாமா பொத்தான்களாகச் செய்து வைத்தார்: கொசு, காலைத் திருப்பவும், டிவியை நிறுத்தவும், பசியாறியாச்சா.

எழுதியதைக் கணினி வாசித்துச் சொல்ல வேண்டும். அதுவும் அப்பாவின் சொந்தக் குரலிலேயே சொல்ல வைக்கலாம், அவர் பேசிய பழைய பதிவுகள் இருந்தால் போதும் என்றார்கள். அங்கேதான் வந்தது வினை. அப்பாவின் குரல் எங்கே பதிவாகியிருக்கும்? திருவிழா வீடியோக்களில். எஸ்டேட் ஆட்கள் ஆளுக்கொரு துண்டாக அனுப்பி வைத்தார்கள். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு பேசுகிற குரலை யார் பதிவு செய்து வைப்பார்கள்? நானும் அம்மாவுமாக அம்மாவின் கைப்பேசியை அலசினோம். எங்கள் எல்லாப் படங்களையும் எடுத்தது அப்பா. ஒரே ஒரு வீடியோவில் மட்டும் அவர் இருந்தார். அதிலும் சிரிப்புத்தான் இருந்தது, பேச்சு இல்லை. அம்மா அதை மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, இது பத்தாது என்று சொல்லிக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

ஆகவே எங்கள் வீட்டுக்குள் திருவிழாக் குரல் குடியேறியது. விடிந்ததும், "கொசு" என்று கணீரென்று ஓர் அறிவிப்பு. "காலைத் திருப்பவும்." என் கணக்குப் புத்தகத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினால், சற்று நேரம் கழித்து, "மூன்றாவது கணக்கு தவறு." பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக், உங்கள் வீட்டில் தினமும் கோயில் விசேஷமா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரித்தே எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடக் கதைகளுக்கு இப்போது கேலியும் வந்தது, தாமதமாக, நான் அடுத்த கதைக்குப் போன பிறகு. நான் பழைய கதைக்குத் திரும்பி வந்து சிரித்துக்கொள்வேன்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தக் குரலில் 'குட்டி' என்றால், 'குட்டி அவர்களே' என்பது போல இருந்தது. கரகரப்பு இல்லை, பாதி வாய்ச் சிரிப்பு இல்லை. எனக்கு அவர் குரல் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது ஊருக்குச் சொந்தமான குரல். என்னுடையது போனது போனதுதான். அதைச் சொல்லி அழுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பாடுபட்டு அவர் எழுதும்போது, இது வேண்டாம், அதுதான் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? இப்போது அப்பா இல்லை. அந்தக் குரல் மட்டும் மாமாவிடம் பத்திரமாக இருக்கிறது. என்ன எழுதிக் கொடுத்தாலும் சொல்லும். நான் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

கருவி வைத்த அந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால், மைக்கைப் பிடுங்கிய அதே தலைவர் பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார். போகும்போது, "மைக்கண்ணே, நீங்க வந்துதான் திருவிழாவ நடத்திக் கொடுக்கணும்" என்று அப்பாவின் காலைத் தொட்டார். அப்பா எழுதிய பதில் வருவதற்குள் தலைவருக்கு வேர்த்துவிட்டது. "மைக் இந்த முறை பிடுங்க முடியாது. தலைக்குள் இருக்கிறது" என்றது திருவிழாக் குரல்.

திருவிழா அன்று அப்பாவைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றி மைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். மாமா கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்தார். "பக்தகோடிப் பெருமக்களே" என்று அந்தக் குரல் கோயிலைச் சுற்றிக் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்களில் எல்லாம் கிளம்பியதும், பால்குடம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். யாரோ கணினிக்குத் திருநீறு பூசினார்கள். இன்னொருவர் மாலையே போட்டுவிட்டார். சூடாகி நின்றுவிடப் போகிறது என்று மாமா பதறிப்போய் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். மாலையும் கழுத்துமாக நான் பழையபடி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன்.

மத்தியானம் அன்னதானம் நடக்கும்போது ஒரு சிவப்புச் சட்டைக்காரி அழுதுகொண்டு வந்து சேர்ந்தாள். மாமா அவளைத் தூக்கி அப்பாவின் மடியில் உட்கார வைத்தார். அசையாத அந்தக் கைகளுக்கு நடுவில் அவள் ஒண்டிக்கொண்டாள். அப்பா பொறுமையாக எழுதினார். "சிவப்புச் சட்டை அணிந்த ஒரு சின்ன ராணி நம்மிடம் வந்திருக்கிறார். அழவில்லை. சமத்தாக இருக்கிறார்." ராணி நிஜமாகவே அழுகையை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அது என் அப்பாவின் மடி. வீட்டில் வயிற்றுக் குழாய் இருக்கிறது, இடிக்காதே என்று என்னை அதில் உட்கார விடுவதில்லை. மாலையைக் கழற்றி மேசைக்காலில் மாட்டிவிட்டு, நானும் காணாமல் போவது என்று முடிவு செய்தேன்.

இடத்தை நன்றாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கோயிலிலிருந்து செம்பனை மரங்களுக்கு ஊடே போனால் ஒரு கால்வாய் வரும். அதன் மேல் ஒரு பலகை போட்டிருக்கும். அந்தப் பக்கம் பழைய ஆயாக்கொட்டகை. வேலைக்குப் போகிற தாய்மார்கள் ஒரு காலத்தில் குழந்தைகளை விட்டுச் சென்ற இடம். என் அப்பாவும் அங்கே தொட்டிலில் கிடந்தவர்தான். இப்போது கூரை மட்டும் மிச்சம். அங்கேயிருந்த மாமரத்தில்தான், சாலையில் வருகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று, கடைசி ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டால் அப்பா என்னைக் கூப்பிடுகிற குரல் வேறு யாருக்கும் போகாது, முழுதாக என் தலையிலேயே விழும் என்று கணக்குப் போட்டேன்.

காணாமல் போவதில் ஒரு சங்கடம் உண்டு. யாராவது தேட வேண்டும். நான் போய் உட்கார்ந்து எவ்வளவோ நேரமாயிற்று. அதே திருவிழாக் குரலில், வழியை மறித்து நிற்கிற வெள்ளைக் காரைப் பற்றி அறிவித்தார்கள். சாம்பார் வாளி தேவைப்படுகிறது என்றார்கள். யாருடைய மூக்குக்கண்ணாடியோ கிடைத்திருக்கிறது என்றார்கள். மூக்குக்கண்ணாடிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை. எறும்பு கடித்தது. திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்தபோதுதான் அது வந்தது.

"பச்சைப் பாவாடை அணிந்த ஒரு சின்ன ராணியைக் காணவில்லை. கன்னத்தில் குழி விழும். கண்டவர்கள் உடனே மைக் கொட்டகைக்கு அழைத்து வரவும்."

நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். குழி இருந்தது. அந்தச் செம்பனைக் காட்டுக்கே இப்போது அது தெரிந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். இன்னொரு தடவையும் வந்தது. பிறகும் வந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம், 'ராணி'யில் அதே நீட்டல். ஒருமுறை எழுதியதை மாமா பொத்தானாக்கித் திரும்பத் திரும்ப அழுத்துகிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்கக் கேட்க மூக்குக்கண்ணாடி அறிவிப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. நான் எதற்காக வந்தேனோ அது அதற்குள் இல்லை.

பிறகு அதுவும் நின்றது. ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைச்சல் மட்டும் கேட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மத்தியான மழைக்குத் தூறல், சாரல் என்ற முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. வாளியைக் கவிழ்த்தது போல வந்து விழும். ஆயாக்கொட்டகையின் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நகர்ந்து நகர்ந்து, கடைசியில் நகர இடமில்லாமல் போயிற்று. இடி இடித்தது. தலைக்குள் கருவி இருக்கும்போது இடி இடித்தால் என்ன ஆகும் என்று அத்தை கேட்டது ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் குரல் நின்றுவிட்டது என்று நினைத்தேன். எழுந்து ஓடினேன்.

கால்வாயில் தண்ணீர் பழுப்பாகப் பொங்கி வந்துகொண்டிருந்தது. பலகை இருந்த இடத்தில் பலகை தெரியவில்லை. அதன் மேலேதான் தண்ணீர் போகிறது, உள்ளே பலகை இருக்கும், காலால் தடவிப் பார்த்துப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒரு காலை நீட்டினேன்.

அப்போது பின்னால் மாமரத்திலிருந்து அப்பா பேசினார்.

"குட்டி. ஒன்ன பாத்துட்டேன். அங்கயே நில்லு. அப்பா வரேன்."

பக்தகோடிகள் இல்லை, சின்ன ராணி இல்லை. அந்தக் கணினிக்கு அப்பாவின் வீட்டுக் குரல் தெரியாது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் கரகரப்பு கேட்டது. மழை இரைச்சலால் இருக்கலாம். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நில்லு என்ற இடத்தில் நின்றேன். மழை கண்ணுக்குள் அடித்தது, துடைத்துக்கொள்ளக்கூடக் கையைத் தூக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அசைந்தால் தெரியும் என்ற எண்ணம்தான். பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

மரங்களுக்கு ஊடே வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வருகிறேன் என்றால் வருவார். தலைக்குள் வைத்த கருவி கணினியையே பேச வைக்கிறது, காலை நடக்க வைக்காதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேருந்திலிருந்து இறங்கி வருவாரே அந்தக் கொஞ்சம் அகட்டிய நடையில், குடையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வருவார். வந்ததும் என்னைத் திட்டுவார். எப்படித் திட்டுவார் என்பதைக்கூட நினைத்துப் பார்த்துக்கொண்டேன். எத்தனை நாளாயிற்று அந்த வாயால் திட்டு வாங்கி.

வந்தது மாமா. செம்பனைப் பழம் ஏற்றுகிற டிராக்டர்க்காரர், பச்சைப் பாவாடை கால்வாய்ப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று சொன்னாராம். டிராக்டர்ப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு, தலை முதல் கால் வரை சேறாக ஓடி வந்த மாமா, மூழ்கிக் கிடந்த பலகையையும் அதன் ஓரத்தில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா எங்க?" என்றேன்.

"என்னாது?"

"அப்பா வரேன்னாரு. நீங்க ஏன் வந்தீங்க?"

மாமா எழுந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அவர் முதுகு குலுங்கியது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக் கொட்டகையில் அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, வைத்த கையாலேயே கட்டிக்கொண்டார். பிறகு முந்தானையை எடுத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தார். அப்பாவின் முகம், கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் நனைந்திருந்தன. எல்லோரும் என்னைத் தேடப் போயிருக்க, துடைத்துவிடப் பக்கத்தில் யாரும் இருந்திருக்கவில்லை. மூன்று பக்கமும் தகரம் அடித்த கொட்டகைக்குள் எப்படி மழை வந்தது என்று நான் மேலே பார்த்தேன். கூரையில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவிடம் புலம்பினார். "மிஷினு நல்ல நேரம் பாத்து ரோசாக் ஆயிருச்சுக்கா, கெட்டுப்போச்சு. கொழந்தையக் காணோம்னு நீங்க வந்து சொன்னதுலேர்ந்து அம்பு ஒரு எடத்துல நிக்கல. இந்த மூலைக்கு ஓடுது, அந்த மூலைக்கு ஓடுது, திரைய விட்டே வெளிய போவப் பாக்குது. மொத அறிவிப்பு எழுதுறதுக்குள்ள மச்சான் தவிச்சுப் போயிட்டாரு. மழை வந்தப்பறம் சுத்தமா கேக்கல லா. ரொம்ப நேரம் போராடித்தான் அந்தக் கடைசி ரெண்டு வரிய எழுதுனாரு."

எனக்கு மிஷின் கதை எதற்கு? நான் நேராகப் போய் அப்பாவின் முன்னால் நின்றேன். "வரேன்னு சொன்னீங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். நீங்க வரல."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு கண் திரைக்குப் போனது. அம்பு இப்போது ஒழுங்காக, மெதுவாக நகர்ந்தது. ஒவ்வோர் எழுத்தாக விழுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒலிபெருக்கி இணைப்பைக் கழற்ற மாமா மறந்திருந்தார். கோயிலைச் சுற்றியிருந்த எல்லா ஸ்பீக்கரிலும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாமரத்திலும் சேர்த்து, அது ஒலித்தது.

"வந்தேன்."

"பொய்" என்றேன் நான். மேசைக்கு அடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் ரதம் கிளம்பியதையும் பார்க்கவில்லை. ரவாங் போய்ச் சேரும் வரைக்கும் வேனில் அவரோடு பேசவும் இல்லை.

அந்த வாரமே ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஆள் வந்து கருவியைச் சோதித்தார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை என்றார்கள். அவர் உடம்பை எந்தப் பக்கம் அசைக்க நினைக்கிறாரோ அந்தப் பக்கம் அம்பு போகும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றார்கள். மாமா தலையைச் சொறிந்துகொண்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டும் இருந்தேன். ஆனாலும் பலூன் கடை, தண்ணீர்ப் பந்தல், லயம், கால்வாய் என்று ஒரு மூலை விடாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா என்னைத் தேடி மழையில் ஓடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வரவே இல்லை என்றுதான் நான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.